பெர்மிட் வந்த வருஷம்

மலேசியாவின் 1969 மே 13 இனக் கலவரம் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. கோலாலம்பூரில் வீடுகள் எரிந்ததும், ஊரடங்கு போட்டதும், நாடாளுமன்றத்தை நிறுத்தி வைத்ததும் கிராணி வீட்டு ரேடியோ வழியாகத்தான் மலாக்காவில் நியாலாஸ் பக்கத்துத் தொழிலாளர் லயங்களுக்கு வந்து சேர்ந்தன. ஆட்கள் வழக்கம்போல ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள், ரப்பர் மரம் வெட்டினார்கள், பால் எடுத்தார்கள். எங்களைப் புரட்டிப் போட்டது அதன் பின்னால் வந்த வேலை பெர்மிட். குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்ற சட்டம் 1968இலேயே வந்திருந்தது. கலவரத்துக்குப் பிறகு அதை இறுக்கிப் பிடித்தார்கள். அந்தச் சில வருஷங்களில் ஏறக்குறைய 60,000 தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று பின்னாளில் படித்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் காலியாவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முந்தின வருஷம் தாத்தாவும் பாட்டியும் இரண்டு ஆண் பிள்ளைகளோடு மலாயாவில் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்கு ஏழு வயது, சித்தப்பா கைக்குழந்தை. நாடு சுதந்திரம் பெற்ற 1957இலிருந்து ஒரு வருஷத்துக்கு, மலாய்த் தேர்வு இல்லாமலே குடியுரிமை கேட்கலாம் என்று சிலருக்குச் சலுகை இருந்தது. எங்கள் லயத்தில் பலர் எழுதிப் போடவில்லை. எழுதிப் போட ஜாசின் டவுனுக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். பாரம் நிரப்பத் தெரியாது. என்றைக்காவது ஊருக்குப் போகத்தானே போகிறோம் என்ற நினைப்பு வேறு. இதை அவர்களுடைய அலட்சியம் என்று இன்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. லயத்துக்கு வந்து யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நாளில்தான் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டார்கள். இரண்டு பாரத்தையும் ஒரே ஆள் நிரப்பினார். குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐ.சி. அட்டை இரண்டும் மைலோ டின்னுக்குள் ஒன்றாகக் கிடந்தவை. அப்பாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. சித்தப்பாவுக்கு இல்லை என்று வந்தது. அப்பாவுக்கு நிரந்தர மரவெட்டு வேலை, சித்தப்பாவுக்குக் காண்ட்ராக்ட் வேலை என்று லயத்தில் காரணம் சொன்னார்கள். காகிதத்தில் ஒரு காரணமும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிச் செபம் நடக்கும். சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற வாரங்களில் உபதேசியார் நடத்துவார். பெர்மிட் முடிவு தெரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர், நம் குடும்பத்தைக் கைவிடாத ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம் என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் சித்தி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். பாட்டி எழுந்து நின்றார். செபத்தின் நடுவில் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை.

"பெரியவனுக்குக் குடுத்தது சர்வேசுரன்னா, சின்னவனுக்குக் குடுக்காதது யாரு? அப்படிச் செபம் சொல்லாதீங்க உபதேசியாரே. இவனுக்கும் அவருதான் ராசா, அவனுக்கும் அவருதான் ராசா. அத மட்டும் சொல்லுங்க."

உபதேசியார் அதை மட்டுமே சொன்னார்.

இதைச் சொல்லப் பாட்டிக்கு உரிமை இருந்தது. 1943இல் ஜப்பான்காரன் தாத்தாவை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துப் போனான். பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அந்த வருஷம் அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பசியிலும் அங்கேயே செத்தார்கள். தாத்தா திரும்பவில்லை, செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. அதனால் பாட்டி வேறு தோட்டத்துக்கு மாற மறுத்தார். வந்தால் இந்த லயத்துக்குத்தான் வருவார் என்று இருபத்தாறு வருஷம் அதே அடுப்படியில் இருந்தார். இரவு செபமாலையில் தாத்தா பெயரை உயிரோடிருப்பவர்கள் வரிசையில்தான் சொல்லுவார்.

அவருதான் ராசா என்று பாட்டி சொன்னபோது, கெட்டது நடக்காது என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. அந்த அர்த்தம் அவருக்கு 1943இலேயே போய்விட்டது. நடந்தது எதுவும் ஆண்டவர் கையை மீறிப் போய்விடவில்லை என்பதுதான் அவருடைய விசுவாசம். அது எவ்வளவு கஷ்டமான விசுவாசம் என்று எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

இந்த விசுவாசத்தில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாம் கடவுள் சித்தம் என்று லயத்தில் சிலர் சித்திக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனால் பெர்மிட் இல்லை என்று முத்திரை குத்தியது மனிதக் கை. பைபிளில் யோசேப்பை அண்ணன்மார் விற்றார்கள். கடவுள் அதிலிருந்து ஒரு நாட்டின் பசியைத் தீர்த்தார். அதனால் விற்றது நியாயமாகிவிடவில்லை, யோசேப்பும் அப்படிச் சொல்லவில்லை. 1967இல் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளிகள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். கடவுளை நம்புகிறவன் அந்த வரிசையிலும் நடக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெர்மிட் கிடைக்காததால் சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பாட்டிக்கு வயதாகிவிட்டது, வேலை செய்யப் போவதில்லை, பெர்மிட் தேவையில்லை. எங்களோடு இருந்திருக்கலாம். ஒரு சாயங்காலம் தன் துணிகளைச் சித்தப்பாவின் தகரப் பெட்டியில் மடித்து வைத்தார். கோடாலித் தைலப் புட்டிகளை ஒவ்வொன்றாகப் பழைய சேலைக் கிழிசலில் சுற்றி ஓரத்தில் செருகினார். அப்பா, "ஐயா வந்தா யாரத் தேடுவாரும்மா?" என்று கேட்டார். பாட்டி பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒனக்குப் பெர்மிட் இருக்கு. அவனுக்கு நான் இருக்கேன்" என்றார். தாத்தாவைப் பற்றிப் பதில் சொல்லவில்லை.

போவதற்கு முன் மலாக்கா சவேரியார் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். குடும்பமே பஸ் ஏறிப் போனோம். முத்துக்குளித்துறையில் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்த சவேரியார் 1545இல் மலாக்கா வந்தவர். சீனாவுக்குள் போக ஆசைப்பட்டு, கரைக்கு எதிரே ஒரு தீவில் 1552 டிசம்பரில் இறந்தார். அவர் உடலை மறு வருஷம் மலாக்காவுக்குக் கொண்டுவந்து குன்றின் மேல் புதைத்தார்கள். பிறகு கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். கேட்டது கிடைக்காத புனிதர் அவர். பாட்டிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். வெகுநேரம் முழந்தாளில் இருந்தார்.

பாட்டியும் சித்தப்பா குடும்பமும் தம்பினில் ரயிலேறினார்கள், போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜுலா கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து நீலக் கடிதம் வந்தது. ஊரில் நிலம் இல்லை, மலேயாக்காரன் என்று கூலி வேலைக்குக் கூப்பிடத் தயங்குகிறார்கள் என்று சித்தப்பா எழுதியிருந்தார். பாட்டி 1974இல் இறந்தார். சித்தப்பா பிள்ளைகள் படாத பாடு பட்டுத்தான் கரையேறினார்கள். முடிவில் எல்லாம் நன்றாக ஆயிற்று என்று எழுத எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் கடிதங்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் சித்தப்பா சிலுவை போட்டிருப்பார். பாட்டி சொன்ன ராசாவை நான் நம்புவது, எங்களுக்குக் கிடைத்த பெர்மிட்டினால் அல்ல. அது கிடைக்காத வீட்டில் போட்ட அந்தச் சிலுவையினால்.

2022 புத்தாண்டு மழையில் ஜாசின் வட்டாரம் வெள்ளத்தில் மாட்டியது. எங்கள் வீட்டில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. கீழ்த் தெருவில் இடுப்பளவு. தண்ணீர் வடிந்த பிறகு அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் கூடிய அன்பியக் கூட்டத்தில் ஒருவர், நம் வீடுகளை ஆண்டவர் காத்தாரே என்று நன்றி செபம் தொடங்கினார். அவரை நிறுத்தி, தண்ணீர் புகுந்த வீடுகளின் பெயர்களை முதலில் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள், மலாய்க்காரர் வீடுகளும் ஒரு சீனர் வீடும் அதில் இருந்தன. மறுநாள் யார் யார் எந்த வீட்டுச் சேற்றைத் தள்ளப் போவது என்று பேசி முடித்துவிட்டு, செபமாலையைத் தொடங்கினோம்.