தஞ்சைக் கல்லில் 400 பெண்கள்

முற்கால நடனம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருவது திரைப்படக் காட்சிதான். அரியணையில் மன்னன், சுற்றிலும் தீபங்கள், நடுவில் ஒரே நிற உடையில் சுழலும் பெண்கள் கூட்டம். 1948 இல் வெளிவந்த 'சந்திரலேகா'வில் பெண்கள் பெரும் முரசுகளின் மேல் நின்று ஆடினார்கள். அதன் பிறகு, சரித்திரப் படம் என்றால் அரண்மனை நடனம் ஒன்றும் இருந்தாக வேண்டும் என்பது எழுதாத விதி போலாகிவிட்டது. அந்தப் பெண்களுக்குப் படத்தில் பெயர் இருப்பதில்லை. பாட்டு முடிந்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதுமில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தஞ்சாவூரில் இருக்கின்றது. திருச்சியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலப் பயணம். வெறுங்காலுடன் முற்றத்தில் நடந்தால் மத்தியான வெயிலில் கல் சுடுகின்றது. எல்லோரும் அண்ணாந்து விமானத்தைப் பார்க்கிறார்கள். நான் தேடிப் போனதோ சுவர்களில் உள்ள எழுத்துக்களை.

முதலாம் இராஜராஜன் இக்கோயிலை 1010 ஆம் ஆண்டளவில் கட்டி முடித்தான். சில ஆண்டுகளின் பின் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டொன்று, சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து இங்கே கொண்டு வந்து குடியேற்றப்பட்ட 400 பெண்களைப் பற்றிக் கூறுகின்றது. தளிச்சேரிப் பெண்டுகள் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். தளி என்றால் கோயில். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியாகக் குறிக்கப்பட்டுள்ளது. அவர்களில் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். நடராசரின் தூக்கிய திருவடியை நினைத்து வைத்த பெயர் அது.

ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பட்டன. நெல்லை அளந்த மரக்காலின் பெயர்கூட ஆடவல்லான்தான். இக்கோயிலுக்கு ஈழத்து ஊர்கள் சிலவும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அவளுடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியான வேறொருவரை அவர்களே தெரிவு செய்யலாம்.

அவர்கள் எப்படி ஆடினார்கள்? கருவறைக்கு மேலே உள்ள தளத்தின் உட்சுவரில் நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. மீதி 27 கற்களும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கின்றன. அங்கே ஆடுபவள் பெண்ணல்ல, நான்கு கைகளுடன் சிவபெருமானே ஆடுகின்றார். கீழே கருவறையைச் சுற்றிய பாதையில், உடலை முறுக்கி ஆடும் பெண்களைச் சோழர் கால ஓவியங்களில் வரைந்திருக்கிறார்கள். இவ்விரு இடங்களும் பொதுவாக எல்லோருக்கும் திறந்து விடப்படுவதில்லை. நானும் படங்களில்தான் பார்த்தேன்.

திரையில் நாம் காண்பது பெரும்பாலும் பரதநாட்டியத்தின் சாயல். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் அந்த ஒழுங்கை அமைத்தவர்கள் 19 ஆம் நூற்றாண்டில் இதே தஞ்சையில் வாழ்ந்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர்கள். பரதநாட்டியம் என்ற பெயர் பரவலானதோ 1930களில். அப்படியானால் சினிமாவில் சோழர் காலத்துப் பெண் ஆடுவது, அவளுக்கு 800 ஆண்டுகள் பின்னர் வந்த ஆட்டத்தை! பார்வையாளரும் மாறிவிட்டனர். தளிச்சேரிப் பெண்ணின் பணி கோயிலுக்கு உரியது, மன்னனின் விருந்து மண்டபத்துக்கு உரியதல்ல. சோழர் கால கோயிற் பெண்கள் பற்றி 2000 ஆம் ஆண்டில் நூல் எழுதிய லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர், கல்வெட்டுக்களில் அவர்கள் ஆடுபவர்களாக வருவதை விட கோயிலுக்குக் கொடை கொடுப்பவர்களாகவே அதிகம் வருகிறார்கள் என்று காட்டுகின்றார்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த 400 பேரிடமும் சம்மதம் கேட்கப்பட்டதா என்று கல் சொல்லவில்லை. ஆடிய பெண்ணுக்கு ஒரு பங்கு, ஆட்டுவித்த நட்டுவருக்கு இரண்டு பங்கு. பிற்காலத்தில் இவ்வழி வந்த பெண்கள் பட்ட துன்பமும் பெரிது. சென்னை மாகாணத்தில் 1947 இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. தேவரடியாள் என்ற சொல்லோ வசைச்சொல்லாகிவிட்டது.

ஆயினும் ஒரு விடயம் என்னை விட்டு அகலவில்லை. பெண்ணின் பெயர், அவளுடைய வீடு, அவளுடைய வருமானம், அவளுக்குப் பின் யாருக்கு என்ற விதி, நான்கும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எமது நாட்டில் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு நியமிக்கப்படாத காணியில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் கொடுத்தது. அது திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமூகப் பணியில் நான் சந்திக்கும் பெண்களில் எத்தனையோ பேருக்கு, தாம் வாழும் வீட்டின் உறுதியில் தமது பெயர் இருக்கின்றதா என்பதே தெரியாது.

சகோதரிகளே, அடுத்த முறை தொலைக்காட்சியில் அரண்மனை நடனம் வந்தால் பிள்ளைகளுடன் சேர்ந்து ரசித்துப் பாருங்கள். கூடவே, ஆடும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் என்ன, வீடு எங்கே என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டு உறுதியையும் ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள்.