இல்லை என்று எழுதுவதற்கு முன்

கடந்த மார்ச் மாதம் எனக்குப் பிரியாவிடை கொடுத்தார்கள். எங்கள் பிரிவின் புதுப் பொறுப்பாளர் முப்பத்திரண்டு வயதுப் பெடியன், நல்ல பிள்ளைதான். கையில் கேக் தட்டோடு நின்று சொன்னான்: "இனி எல்லாம் லேசு. கோவிட் காலத்தில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பிசிஆர் சோதனை செய்தார்களே, அதே பெட்டிதான். ஈரலைப் போட்டால் பதில் வரும்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வார்த்தை இரவு முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டே கிடந்தது.

தொண்டையில் தடவிய பஞ்சும் காட்டுப்பன்றியின் ஈரலும் ஒன்றா? பஞ்சில் வருவது கொஞ்சம் எச்சில், கொஞ்சம் சளி. ஈரலில் இரத்த நிறமி, பித்தம், கொழுப்பு, கிளைக்கோஜன் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பிசிஆர் என்சைமின் கழுத்தை நெரிக்கும். நாங்கள் தேடும் ஹெப்பற்றைற்றிஸ் ஈ வைரசு உள்ளே இருக்கும், இயந்திரமோ கோடு கிழித்தமாதிரித் தட்டையாகக் காட்டும். இந்த ஈரலோடுதான் நான் பதினைந்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டினேன்.

ஒக்டோபர் பிறந்தால் ஜேர்மனியில் வேட்டைக்காலம் சூடுபிடிக்கும். ஜனவரி வரைக்கும் எங்கள் ஆய்வுகூட வாசலில் குளிர்ப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பையிலும் ஓர் இலக்கம், ஒரு துண்டு ஈரல், உதரவிதானத் தசை, நெஞ்சறையில் இருந்து அள்ளிய இரத்தம். இரத்தம் பெரும்பாலும் உறைந்து கலங்கித்தான் வரும். குண்டு ஈரலைத் துளைத்துக் குடலையும் கிழித்திருந்தால் அந்த மாதிரியில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். சில வேட்டைக்காரர் வீட்டு உறைபெட்டியில் வைத்து, மறந்து, உருகவிட்டு, திரும்ப உறையவைத்துக் கொண்டுவருவார்கள். பையைத் திறந்ததும் மணத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். பித்தப்பைக்குப் பக்கத்தில் வெட்டக்கூடாது. வெவ்வேறு மடல்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுக்கவேண்டும். மொத்தம் கால் கிராமுக்கு மேல் போகக்கூடாது. இதை எந்த ரோபோவும் செய்யாது.

இந்தக் கால் கிராம் எனக்குச் சும்மா கிடைத்த அறிவல்ல. அதற்குப் பின்னால் ஒரு மனுசி இருக்கிறார்.

1986இல் கிழக்கு பேர்லின் வழியாக அகதியாக வந்தவள் நான். முதலில் கண்ணாடிக் குடுவை கழுவினேன். பிறகு மொழி படித்து, தொழிற்பயிற்சி முடித்து, ஆய்வுகூட உதவியாளராக மேசைக்கு வந்தேன். எனக்கு மேலே இருந்தவர் கிழக்கு ஜேர்மனியில் படித்த மூத்த உதவியாளர். எட்டு வருடம் என்னை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டார், நானும் அப்படியே. அவர் சிரித்து நான் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம்.

ஒருமுறை 22 காட்டுப்பன்றி ஈரல் செய்தேன். இருபத்திரண்டும் நெகட்டிவ். மத்தியானத்துக்குள் முடித்த சந்தோசத்தில் தாளை நீட்டினேன். அவர் முடிவுப் பத்தியைப் பார்க்கவே இல்லை. "மெங்கோ எத்தனையில் வந்தது?" என்று கேட்டார். மெங்கோ வைரசு என்பது நாங்களே ஒவ்வொரு மாதிரிக்குள்ளும் போட்டுவிடுவது. போட்டது திரும்பி வருகிறதா என்று பார்க்கத்தான். நான் பார்த்திருக்கவில்லை. பார்த்தோம். பல மாதிரிகளில் நான்கு சுற்றுப் பிந்தியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால், நான்கு சுற்றென்றால் பதினாறில் ஒரு பங்குதான் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. நாங்களே அள்ளிப்போட்ட வைரசே மறைந்துபோன இடத்தில், பன்றி கொண்டுவந்த கொஞ்ச வைரசு எப்படித் தெரியும்?

"நீங்கள் எழுதியது 'இல்லை'. இயந்திரம் சொன்னது 'தெரியவில்லை'" என்றார். தாளைத் திருப்பித் தந்தார்.

பிரித்தெடுத்த ஆர்என்ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கித் திரும்ப ஓட்டினேன். மூன்று ஈரல் பொசிட்டிவாக மாறின. அந்த இரவு வீட்டில் நான் அழுதது அவருக்குத் தெரியாது. அடுத்த ஆறு கிழமை எனக்கு வேறு வேலை தரவில்லை. ஈரல், ஈரல், ஈரல். ஒரு கிராம், அரைக் கிராம், கால் கிராம். புரதத்தைக் கரைக்கும் நேரத்தைக் கூட்டி, கழுவலைக் கூட்டி, மணிகளை மாற்றி, எல்லாம் செய்து பார்த்தேன். கூட எடுத்தால் கூடக் கிடைக்கும் என்பது ஈரலில் நேர்மாறு. கூட எடுத்தால் கூட மறையும். சிப்பிக்கும் பழத்துக்கும் உள்ள ஐ.எஸ்.ஓ. 15216 முறையில், போட்டதில் நூற்றில் ஒன்று மீண்டால் போதும்; முக்கால் பங்குக்கு மேல் தடைபட்டால்தான் ஐதாக்கச் சொல்கிறது. அவர் அதையே ஈரலுக்கும் அளவுகோலாக எடுத்தார், ஆனால் அதோடு நிற்கவில்லை. இரண்டு சுற்றுப் பிந்துவது முக்கால் பங்கு போய்விட்டது என்ற கணக்கு. ஒரு சுற்றுப் பிந்தினாலே ஏன் என்று கேட்பார்.

நாங்கள் பாவித்த முறை 2006இல் வெளியான ஒரு கட்டுரையில் இருந்து வந்தது. வைரசின் ஓஆர்எப் 3 என்ற மரபணுப் பகுதியில் வெறும் எழுபது எழுத்து நீளத் துண்டைத் தேடுகிற முறை. முதலாசிரியர் பெயரை அவரால் உச்சரிக்க முடியவில்லை. என்னிடம் தாளைக் காட்டினார். "ஜோதிகுமார்" என்று வாசித்தேன். "இது எங்கள் பெயர்" என்றேன். ஜோதி என்றால் விளக்கின் சுடர் என்று சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் அந்த முறையை "உங்கள் ஊர்க்காரரின் முறை" என்றே சொல்லுவார். உலகத்தில் எத்தனையோ ஆய்வுகூடங்கள் பன்றியில் ஹெப்பற்றைற்றிஸ் ஈயைத் தேட அதைத்தான் எடுக்கின்றன. எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2009இல் ஜேர்மன் காட்டுப்பன்றிகளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் வைரசு தெரிந்த பன்றிகள் 15 வீதத்துக்குச் சற்றுக் குறைவு, மற்றதில் 68 வீதம். ஒரே நாடு, ஒரே விலங்கு. ஈரலை மட்டும் பார்ப்பதும், ஈரலோடு பித்தத்தையும் இரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பதும் ஒரே கணக்கைத் தராது. பத்திரிகைக்காரர் "எத்தனை வீதம்?" என்று கேட்கும்போது நான் "எதில் தேடினார்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். சலித்துக்கொள்வார்கள்.

வளர்ப்புப் பன்றி இன்னும் ஏமாற்றும். இரண்டு, மூன்று மாதக் குட்டியில் தொற்றி, ஆறு மாதத்தில் அறுக்கும்போது பெரும்பாலானவற்றில் போய்விட்டிருக்கும். மிச்சமிருப்பதும் நோயைக் காட்டாது. ஈரல் பளபளவென்று இருக்கும், இறைச்சிப் பரிசோதகரின் கண்ணுக்கு ஒன்றும் படாது. ஜப்பானில் ஹொக்கைடோக் கடைகளில் வாங்கிய 363 பொதி ஈரலில் 7இல் வைரசு இருந்தது என்று 2003இல் எழுதினார்கள். அந்தப் பக்கத்தை என் மூத்த உதவியாளர் உறைபெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். ஜப்பான் 2015இல் பச்சைப் பன்றியிறைச்சி பரிமாறுவதைத் தடைசெய்தது. இங்கே வெங்காயம் தூவிய பச்சை அரைத்த பன்றி இறைச்சியை இன்றும் பாணில் பூசி, பிறந்தநாள் என்று ஆய்வுகூடத்துக்கே கொண்டுவருகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வேட்டையாடிய ஒவ்வொரு காட்டுப்பன்றிக்கும் திரிக்கினெல்லாப் புழு பார்க்கச் சட்டம் இருக்கிறது, ஐந்து கிராம் தசை எடுக்கிறார்கள். பவேரியாவில் செர்னோபில் விட்ட சீசியத்தைக் கிலோவுக்கு 600 பெக்கரல் எல்லை வைத்து அளக்கிறார்கள். 2020 செப்டெம்பர் 10ஆம் திகதி பிரண்டன்பேர்க்கில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதலில் தெரியவந்ததும், எங்கள் உறைபெட்டி, எங்கள் இயந்திரம், எங்கள் ஆட்கள் எல்லாம் அதற்குப் போனது. அது மனிதருக்குத் தொற்றாது. ஏற்றுமதிக்குத் தொற்றும். மனிதருக்குச் செங்கண்மாரி தருகிற, சிறுநீரகம் மாற்றியவர்களின் ஈரலில் நாள்பட்டுத் தங்கிவிடுகிற வைரசுக்கான ஈரல்கள் மூலைக்குத் தள்ளப்பட்டன. 2020 ஜனவரியில் இருந்து இரத்ததானத்தில் இதே வைரசைத் தேடவேண்டும் என்று இங்கே விதி. அந்த இரத்தத்துக்குள் அது பெரும்பாலும் தட்டில் இருந்துதான் போகிறது. தட்டுக்கு விதி இல்லை.

பொசிட்டிவ் வந்தாலும் என் மூத்த உதவியாளர் துள்ளவிடமாட்டார். "ஆர்என்ஏ கண்டறியப்பட்டது" என்றுதான் எழுதவேண்டும். வைரசு உயிரோடு இருக்கிறதா என்று இந்தச் சோதனை சொல்லாது. சமைத்த ஈரலிலும் ஆர்என்ஏ தெரியும். செல்லில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் இந்த வைரசு வளர்வதற்கு மாதக்கணக்கில் அடம்பிடிக்கும்.

இப்போது என்ன நடக்கிறது? ஐதாக்கிய ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள், ஒரு மாதிரிக்கு இரண்டு மடங்கு செலவாம். நான் போவதற்கு முந்திய வருடம், மெங்கோ மூன்று சுற்றுப் பிந்திய ஓர் அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று கையெழுத்து இருந்தது. எழுத்தில் கேட்டேன். உள்ளக அளவுகோலுக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த அளவுகோலை யார் மாற்றினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களை ஆறு கிழமை ஈரலோடு இருத்த யாருக்கும் நேரமில்லை.

கடைசி வேட்டைக்காலத்தில் 31 ஈரல் வந்தது. பதினேழாம் இலக்கத்தில் மெங்கோ பிந்தியது. ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பின்னேரம் நின்று என் கைக்கணக்கில் ஐதாக்கி ஓட்டினேன். முப்பத்தாறாம் சுற்றில் கோடு எழும்பியது. இன்னொருமுறை ஓட்டினேன், அங்கேயே எழும்பியது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பன்றியைச் சுட்ட வேட்டைக்காரர் தொலைபேசி எடுத்தார். பொறுப்பான மிருக வைத்தியர் லீவு, அழைப்பு என்னிடம் வந்தது. அந்தப் பன்றியின் ஈரல் போட்டு ஏற்கெனவே சொசேஜ் செய்துவிட்டாராம், பச்சையாகப் புகையில் தொங்குகிறது, பேரப்பிள்ளைகள் கிழமை முடிவில் வருகிறார்கள், என்ன செய்ய என்று கேட்டார். பச்சையாகத் தொடவேண்டாம் என்றேன். எறிய மனமில்லை என்றால் நடுப்பகுதியில் வெப்பமானி குத்தி, 71 பாகை வந்த பிறகு இருபது நிமிடம் அப்படியே வேகவிடச் சொன்னேன்.

"மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். மறுமுனையில் அவர் பேனா தேடும் சத்தம் கேட்டது.