அதிருமலையில் எத்தனை பாய்கள்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாக மேலேறும் தார்ச்சாலை போணக்காட்டில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து அகத்தியர்கூடத்தின் உச்சிவரை, 1,868 மீட்டர் உயரத்துக்கு, இருப்பது ஒற்றையடிப் பாதைதான். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதியைக் கடந்த பிறகு அதிருமலை என்ற இடத்தில் கேரள வனத்துறையின் தங்குமிடம் வருகிறது. கொட்டகை, தரையில் விரிக்கப் பாய், கஞ்சியும் பயறும், யானை உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் வெட்டிய அகழி. அவ்வளவுதான் வசதி. நாள் முழுக்க நடந்து களைத்து வருகிறவருக்கு இன்னும் கொஞ்சம் நல்ல இடம் கொடுத்தால் என்ன என்று கேட்பது எளிது. கேள்வியிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றும். கட்டில் போடலாம், அறைகள் கட்டலாம், அதற்கு ஜீப் போகிற அளவுக்காவது பாதையை அகலப்படுத்தலாம். இவை எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் கொட்டகை எளிமையாக இருப்பதைப் பணமில்லாமையின் விளைவாக மட்டும் பார்க்கிறோம். உண்மையில் அந்த மலைக்குக் காவலாக இருப்பவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் இந்த வாதத்தைத் தவறான காரியங்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாதையோடு மேலே போகப் போக அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சாலை ஏன் போணக்காட்டில் நிற்கிறது என்பது. அது மலை ஏறுபவர்களுக்காகப் போட்ட சாலை அல்ல, தேயிலைக்காகப் போட்டது. வெள்ளையர் காலத்தில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சாலை எதுவரை ஏறியதோ அதுவரை காடு தேயிலையானது, அதற்கு மேலே காடு காடாகவே நின்றது. பிறகு தோட்டம் நொடித்தது, தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது, லயங்களில் இருந்தவர்களுக்குக் கூலி பாக்கி நின்றது. இந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கிறவர் எவரும், சாலை போட்டால் வளம் வரும் என்று தயங்காமல் சொல்லிவிட முடியாது. அதே மூச்சில், காட்டின் பெயரால் அந்த லயங்களில் இருப்பவர்களின் பேருந்தையும் மருத்துவமனையையும் மறுக்கவும் முடியாது. நான் பேசுவது போணக்காட்டுக்கு மேலே உள்ள பாதையைப் பற்றி மட்டும்.

மேலே, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டியபின், பாதையின் முதல் பாதி அவ்வளவு கடினமில்லை. லாத்திமொட்டை, கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளின் பெயர்களைச் சொல்லியே வழிகாட்டிகள் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்த நீர் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். கரமனையாற்றின் குறுக்கே 1983-இல் கட்டிய பேப்பாறை அணைதான் திருவனந்தபுரத்தின் குடிநீருக்குப் பெரிய ஆதாரம். இதே மலைத்தொகுதியின் தென்மேற்குச் சரிவிலிருந்து நெய்யாறு இறங்குகிறது. கிழக்குச் சரிவிலிருந்து தாமிரபரணி இறங்கிப் பாபநாசம் வழியாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி வயல்களுக்குப் போகிறது. இரண்டு பருவமழையும் விழுகிற மலை. மழையில்லாத மாதங்களில் அந்த நீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவது சோலைக்காட்டின் வேரும் மக்கிய இலையும் புல்வெளியும். இந்தியா 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்த பகுதி இது. 3,500 சதுர கிலோமீட்டரில் 2,254 வகை உயர் தாவரங்கள், அவற்றில் 400 அளவுக்கு வேறெங்கும் இல்லாதவை என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. ஓடையில் சோப்புப் போட்டுக் குளிக்க ஆசைப்படுகிறவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே சாவடியிலேயே பிளாஸ்டிக்கும் மதுவும் பூஜைப் பொருளும் தடை.

அட்டையாறு கடந்து புல்வெளியில் வெயில் வாங்கிய பிறகுதான் மலை தன் குணத்தைக் காட்டுகிறது. ஏழுமடக்கன் தேரி, அடுத்து முட்டிடிச்சான் தேரி. பாதை வளைந்து வளைந்து செங்குத்தாகப் போகிறது. வேர்களே படிகள், இருபுறமும் யானை தின்று மிச்சம் வைத்த ஈத்தை. இந்த ஏற்றம் ஒரு சல்லடை போல வேலை செய்கிறது என்பது என் வாதத்தின் முதல் பகுதி. காலையில் வந்து மாலையில் திரும்ப நினைக்கிறவர், ஒலிபெருக்கியோடு வருகிறவர், சமையல் பாத்திரத்தையும் கூடாரத்தையும் சுமந்து கூட்டமாக வர நினைக்கிறவர் எல்லாரையும் எந்தக் காவலரும் இல்லாமலேயே அது கீழே நிறுத்திவிடுகிறது.

இதை மறுக்க இந்த மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நான் அறிந்த எதிர்வாதங்களில் வலுவானதும் அதுவே. 1865-இல் ஹீபர் ட்ரூரி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இந்த மலையில் ஓர் ஆர்க்கிட்டைக் கண்டார். மஞ்சள் நிறம், நடுவில் கரும்பழுப்புக் கோடு, பாதணி வடிவப் பூ. தென்னிந்தியாவில் இந்தப் பேரினத்தில் காட்டில் வளர்வது இது ஒன்றுதான். பாஃபியோபெடிலம் ட்ரூரி என்று அவர் பெயரையே சூட்டினார்கள். பிறகு ஆர்க்கிட் வியாபாரிகளுக்காக அதை வேரோடு பிடுங்கிக்கொண்டே இருந்து, அழிந்தே போனது என்று எண்ணும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1972-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே வசதியான தங்குமிடமும் இல்லை, பாதையும் இப்படி இல்லை. கடினமான ஏற்றம் காவல் என்றால் அந்தப் பூவை ஏன் காக்கவில்லை? நியாயமான கேள்வி. ஏற்றம் தடுப்பது பொழுதுபோக்குக் கூட்டத்தை. லாபம் தேடி வருகிறவனை அது தடுக்காது, அவன் கூலிக்கு ஆள் வைத்து ஏற்றுவான். ஆகவே ஏற்றம் மட்டும் போதாது, யார் ஏறினார்கள் யார் இறங்கினார்கள் என்ற கணக்கும் கூடவே வேண்டும். பத்துப் பேர் குழுவுக்கு ஒரு வழிகாட்டி என்ற விதி அதற்குத்தான். கணக்கு வைக்கும் அளவுக்குக் கூட்டம் சிறிதாக இருக்க வேண்டும் என்றால், அங்கே மறுபடி ஏற்றம்தான் உதவுகிறது.

ஏற்றம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேறு மலைக்குப் போக வேண்டாம். இதே மலையின் தமிழ்நாட்டு அடிவாரத்துக்குப் போனால் போதும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், காரையாறு செல்லும் சாலையில், சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. வண்டி வாசல்வரை போகிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள், பல நாள் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிறார்கள். அவர்கள் பக்தி அதிருமலை ஏறுகிறவரின் பக்தியைவிடக் குறைந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக வருகிறவர்கள், குலதெய்வம் என்று வருகிறவர்கள். ஆனால் அத்தனை பேரின் துணியும் குப்பையும் கழிவும் தாமிரபரணியில்தான் போய்ச் சேர்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அதைத் துப்புரவு செய்யத் தனி முயற்சி வேண்டியிருக்கிறது. சிலர் மக்களின் ஒழுக்கக்கேட்டைக் குறை சொல்வார்கள். அதே குடும்பங்களிலிருந்து அகத்தியர்கூடம் ஏறப்போகிறவர்கள் குப்பையைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சாலைதான் இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு.

இப்போது அதிருமலைக்கு வரலாம். இங்கிருந்து உச்சி இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர். பொங்காலப்பாறையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கயிறு பிடித்து ஏறுகிற பாறைகளைக் கடந்து போக வேண்டும். பெரும்பாலானோரால் போணக்காட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. வழி அப்பால் எங்கும் போகாததால் வந்த வழியே திரும்பவும் வேண்டும். ஆகவே ஏறுகிற ஒவ்வொருவரும் ஓர் இரவாவது இந்தக் கொட்டகையில் படுத்தாக வேண்டும். சிலர் இரண்டு இரவு. நாளொன்றுக்கு நூறு பேர் அளவில் அனுமதி என்றால், முதல் நாள் வந்தவர்களும் உச்சிக்குப் போய்த் திரும்பியவர்களுமாக இருநூறு பேர்வரை ஒரே இரவில் அங்கே இருக்கக்கூடும். மலையைப் பற்றிய எல்லாச் சட்டங்களையும்விட, அங்கே எத்தனை பாய் விரிக்கலாம் என்பதுதான் மலையில் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிக்கிறது. கட்டில் போட்ட அறை கட்டினால் அதற்கு மின்சாரம் கேட்பார்கள், மின்சாரத்துக்குக் கம்பமோ ஜெனரேட்டரோ வேண்டும், அதைக் கொண்டுவரப் பாதையை அகலமாக்க வேண்டும். அப்புறம் ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் திறப்பது நஷ்டம் என்று யாராவது கணக்குக் காட்டுவார். மலைவாசஸ்தலங்கள் உருவான கதை இதுதான். ஒவ்வொரு படியும் அந்தந்த நேரத்தில் சிறியதாகத்தான் தெரிந்தது.

வயதானவர், நோயாளி, கால் இயலாதவர் இவர்களுக்கு இந்த மலை இல்லையா என்று கேட்பார்கள். உச்சி இல்லை என்பதுதான் நேரான பதில். அதை மழுப்புவதில் மரியாதை இல்லை. ஆனால் மலை தருவது உச்சி மட்டுமல்ல, ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் அது வருகிறது, ஏறாதவருக்கும் ஏறியவருக்கும் ஒரே அளவில். அந்தப் பங்கைப் பாதுகாக்கத்தான் இந்தப் பங்கைச் சுருக்குகிறோம். இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொரு தடை. அனுமதிச் சீட்டு இணையத்தில் திறந்ததும் வேகமாகத் தீர்ந்துபோகிறது. வேகமான இணைப்பும், கடன் அட்டையும், வேலையில் விடுப்பும் உள்ளவர் முந்திக்கொள்கிறார். இது மலையின் கடுமை அல்ல, அலுவலகத்தின் வசதி. குலுக்கல் முறைக்கு மாறினால் ஒரு மரமும் விழாது.

மலையின் கடுமை என்ற சொல்லுக்குப் பின்னால் மனிதர்கள் ஒளிந்துகொண்ட பெரிய உதாரணம் பெண்கள் விஷயம். பல ஆண்டுகள் பெண்களுக்கு உச்சி செல்ல அனுமதியே இல்லை. பாதை கடினம், பாதுகாப்பு போதாது, நம்பிக்கைக்கு விரோதம் என்று காரணங்கள் மாறி மாறி வந்தன. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பாலின வேறுபாடு கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14 அன்று ஏறத் தொடங்கிய தன்யா சனல் என்ற பெண் மறுநாள் உச்சியைத் தொட்டார். அதற்குப் பிறகு முட்டிடிச்சான் தேரி எளிதாகிவிடவில்லை, அதே ஏற்றம்தான். ஏற்றம் தானே ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்றால் வாசலில் ஆளை நிறுத்த வேண்டிய அவசியம் ஏன் வந்தது? ஆனால் அந்த ஆண்டு வனத்துறை, பெண்களுக்கென்று தனி ஏற்பாடு ஏதும் கிடையாது என்று அறிவித்ததையும் நான் எளிமையின் கணக்கில் சேர்க்க மாட்டேன். மூடிய கழிப்பறையும் தனித்து உறங்க ஒரு தடுப்பும் ஆடம்பரம் அல்ல. அவை பாயின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் இல்லை.

இந்தத் தீர்ப்பை எதிர்த்துப் போணக்காட்டில் அமர்ந்து வழிபட்டவர்கள் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள். அவர்களுக்கு உச்சி அகத்தியரின் இருப்பிடம். அவர்களைப் பிற்போக்கு என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை, தீர்ப்பு சரி என்று நினைக்கும்போதும். காரணம், மலையைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு இடம் கிடைத்த வரலாறு குறைவு. 1987-இல் இங்கே வந்த ஆய்வாளர்கள் களைத்துப்போய் உட்கார்ந்தபோது, வழிகாட்டி வந்த காணிகள் ஒரு சிறு பழத்தைத் தின்றுவிட்டுச் சுறுசுறுப்பாக நடந்ததைக் கவனித்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் கொடுத்தது. கிடைப்பதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்து, 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகெங்கும் முன்மாதிரி என்று பேசினார்கள். ஆனால் காணிகள் அந்தச் செடியை வளர்த்து இலை விற்கலாம் என்ற திட்டம் வனத்துறையின் தடையில் சிக்கி நின்றது. இன்று வழிகாட்டிகளாகவும் உணவகம் நடத்துகிறவர்களாகவும் அவர்கள் இந்தப் பாதையில் சம்பாதிக்கிறார்கள். சுமை தூக்கவும் வழி சொல்லவும் ஆள் வேண்டும் என்பதற்காகவாவது சாலை இல்லாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது. ஜீப் வந்த அன்று அந்த வேலை ஓட்டுநருக்குப் போய்விடும்.

உச்சியில் கட்டடமே வராது என்று நினைக்க வேண்டாம், ஒருமுறை வந்திருக்கிறது. திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1855-இல், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், இந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். காந்த ஊசியின் விலகலைக் கடற்கரை அருகிலும் மலை மேலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுவது நோக்கம். பணம் திருவிதாங்கூர் மன்னருடையது. கருவிகளும் சாமான்களும் மனித உழைப்பால்தான் மேலே போயின. மழையும் காற்றும் அந்தக் கூடத்தைச் சில ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைக்கவில்லை. 1865-இல் ப்ரௌன் ஊரைவிட்டுப் போனதோடு கதை முடிந்தது, அளவீடுகள் 1874-இல் நூலாக வந்தன. அன்று எது நிலைக்கும் எது நிலைக்காது என்பதை மலை முடிவு செய்தது. இன்று கம்பிவடமும் ஹெலிகாப்டரும் கான்கிரீட்டும் இருக்கும்போது அந்த முடிவு நம் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். தற்போது ஒரு பருவத்தில் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது ஒரு மாநிலத்தின் ஒரு துறை. உயிர்க்கோளக் காப்பகம் இரண்டு மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது, தாமிரபரணியை நம்பி விதைக்கிறவர்கள் கிழக்கே இருக்கிறார்கள், காணிக் குடியிருப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அடுத்த பருவத்துக்கு முன் அதிருமலைப் பாய்களின் எண்ணிக்கையை இவர்களோடு உட்கார்ந்து பேசி, அந்த எண்ணுக்கு என்ன காரணம் என்பதையும் சேர்த்து, போணக்காட்டுச் சாவடியில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டட்டும்.