துணிப் பேழை

வீட்டிலுள்ள பொருள்களுள் தன் உரியவரை எளிதில் காட்டிக்கொடுப்பது துணி அலமாரியே ஆகும். கூடத்தைப் பிறர் காண்பர். ஆதலின் அதனைத் துடைத்து வைக்கிறோம். சமையலறையில் நாள்தோறும் புழங்குகிறோம். ஆதலின் அதுவும் ஒருவாறு ஒழுங்குபெறுகிறது. படுக்கையறையின் மூலையில் நிற்கும் அலமாரிக்கோ கதவு உண்டு. வேண்டாத துணியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால், அறை தூய்மையாகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது.

அலமாரி என்னும் சொல் போர்ச்சுக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. இரும்பால் ஆகிய அலமாரியைப் 'பீரோ' என்கிறோம். அச்சொல்லின் வரலாறு சுவையானது. பிரெஞ்சு மொழியில் முரட்டுக் கம்பளித் துணி ஒன்றற்கு வழங்கிய பெயரிலிருந்து அது பிறந்தது. எழுதும் மேசையின்மேல் அத்துணியை விரித்தனர். பின்னர் மேசைக்கே அது பெயராயிற்று. அதன்பின் மேசை கிடந்த அலுவலகத்திற்கும் ஆயிற்று. கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்தபோது, துணி வைக்கும் இரும்புப் பேழையின்மேல் ஏறிக்கொண்டது. துணியிலிருந்து புறப்பட்ட சொல், ஊரெல்லாம் சுற்றித் துணியிடமே வந்து சேர்ந்தது காண்க!

பேழை, பெட்டகம் என்னும் தமிழ்ச் சொற்கள் பழையனவே. ஆயினும், துணிக்கென்றே ஒரு பெட்டகம் வைக்கும் அளவிற்கு நம் முன்னோருள் பெரும்பாலோரிடம் துணி இருந்ததில்லை. நக்கீரனார் புறநானூற்று 189ஆம் பாட்டில், உலகாளும் வேந்தனுக்கும் காட்டில் வேட்டையாடித் திரியும் எளியவனுக்கும் ஆடைக் கணக்கு ஒன்றே என்று காட்டுகிறார். அவர் கூறும் எண் இரண்டைத் தாண்டவில்லை. என் இளமையில் எங்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் கட்டிய ஒரு கொடியும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன, அவ்வளவே. இன்று என் வீட்டில் இருவர்க்கு இரண்டு பீரோக்கள். அவற்றுள்ளும் இடம் போதவில்லை என்ற குறை அடிக்கடி எழுகிறது.

நான் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளில் மட்டும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் தெருத்தெருவாகப் புகுந்தது. எங்கள் பீரோவின் கீழ்த்தட்டு இரண்டும் நீருள் மூழ்கின. நாங்கள் உடுத்த உடையோடு அடுத்த வீட்டு மாடியில் இருந்தோம்.

மூன்றாம் நாள், வெளியூரிலிருந்து ஒரு பாரவண்டி நிறையத் துணி வந்தது. அதுவரை கொடுப்பவன் பக்கத்திலேயே நின்று பழகிய நான், அன்று கைந்நீட்டும் வரிசையில் நின்றேன். எனக்குக் கிடைத்த பொதியில் பொத்தான் இல்லாத சட்டை ஒன்றும், பட்டை அறுந்த காற்சட்டை ஒன்றும், திருமண வீட்டில் அணியும் சரிகைப் பாவாடை ஒன்றும் இருந்தன. சேற்றில் நிற்பவனுக்குச் சரிகைப் பாவாடை எதற்கு? கொடுத்தவர்மேல் எனக்குச் சினம் எழவில்லை. அவர் துணியை எங்களுக்கு அனுப்பவில்லை. தம் அலமாரியைக் காலி செய்தார் என்றே தோன்றியது. அதே வண்டியில் என் அண்டை வீட்டார்க்குக் கிடைத்த பொதியோ வேறு வகையானது. துவைத்து மடித்த நான்கு சட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாள் துண்டைக் குத்தி அளவு எழுதியிருந்தனர். அவற்றுள் ஒன்று எனக்குப் பொருந்தியது. அதனை அணிந்துகொண்டுதான் வீட்டுச் சேற்றை வாரினேன். அனுப்பியவர் யாரென்று இன்றுவரை அறியேன்.

இத்தகைய கொடை நம் நாட்டிற்குப் புதியதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்தபோது, நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் பழந்துணி வந்து குவிந்தது. உடுத்த இயலாதவற்றை மீனவ மக்கள் கொள்ள மறுத்தனர்; அவை சாலையோரங்களில் மலைபோற் கிடந்து மண்ணாயின. வீடும் படகும் இழந்தவர்கள் மானத்தையும் இழந்துவிடவில்லை என்பதை அனுப்பியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தில்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999ஆம் ஆண்டில் 'கூஞ்ச்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய முதல் 67 துணிகள் அவர்தம் வீட்டு அலமாரியிலிருந்தே எடுக்கப்பட்டவை. இன்று அவ்வமைப்பினர் நகரத்தார் தரும் துணிகளைப் பிரித்து, தைத்து, அளவு பார்த்துச் சிற்றூர்களுக்கு அனுப்புகின்றனர். சிற்றூர் மக்கள் அவற்றை இரந்து பெறுவதில்லை. தம் ஊருக்குக் கிணறோ பாலமோ அமைத்து, அவ்வுழைப்பிற்கு ஈடாகப் பெறுகின்றனர். குப்தாவிற்கு 2015ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது. விருதினும் அந்த 67 என்னும் எண்ணே என் நெஞ்சில் நிற்கிறது. ஓர் அலமாரியை ஒழுங்கு செய்யப் புகுந்தவர் அவ்வளவு தொலைவு சென்றிருக்கிறார்.

நம் பேகனையும் இங்கு நினைக்கத்தான் வேண்டும். மயிலுக்குப் போர்வை தேவையா என்று கேட்டு நகைப்பார் உளர். நகைக்கட்டும். அவன் கொடுத்தது தன் தோள்மேல் இருந்த போர்வையை. பெட்டியின் அடியிற் கிடந்த ஒன்றையன்று.

மாணவர்களே, வெள்ளத்திற்குப் பின் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்து வெயில் தெளிந்தபின், பீரோவில் உள்ள அனைத்தையும் எடுத்துக் கட்டிலின்மேல் குவிப்போம். எல்லாவற்றையும் வெளியே எடுத்தல் இன்றியமையாதது. இருந்த இடத்திலேயே தள்ளித் தள்ளி அடுக்கினால், அடியிற் கிடப்பது என்றும் அடியிலேயே கிடக்கும். என் பெயர்த்தி ஒவ்வொரு துணியையும் விரித்துக் காட்டுவாள். "தாத்தா, இதை நீங்கள் கடைசியாக எப்பொழுது உடுத்தினீர்கள்?" என்பாள். எனக்கு விடை தெரியாவிட்டால் அத்துணி வேறு குவியலுக்குப் போகும். ஆனால் அவள் அங்கே நிறுத்துவதில்லை. "இதைத் தெருவில் உடுத்திக்கொண்டு உங்களால் நடக்க முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. முடியும் என்றால் துவைத்து, பொத்தான் தைத்து, அளவெழுதிக் கொடைக்கு வைப்போம். முடியாது என்றால் அது பிறர்க்கும் ஆகாது. கிழித்துத் துடைதுணி ஆக்கிவிடுவோம்.

நைந்த பருத்திப் புடவைக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. பிறந்த குழந்தைக்குத் தூளி கட்டப் புதுத் துணியினும் பழந்துணியே ஏற்றது. பல முறை துவைத்து மென்மையான அத்தகைய புடவைகளை என் மனைவி தனியே எடுத்து வைப்பாள். தெருவில் எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் ஒன்று அங்கே போய்விடும்.

எஞ்சியவை உள்ளே திரும்பும். பட்டை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வைத்தல் வேண்டும். ஒரே மடிப்பிற் கிடந்தால் சரிகை அவ்விடத்தில் முறியும். அந்துருண்டை நீர்மமாகாமல் நேரே ஆவியாகும் இயல்பினது என்பதை அறிவியற் பாடத்திற் படித்திருப்பீர்கள். அது சரிகைமேற் படாதபடி சிறு துணியில் முடிந்து வைப்பது நலம். நான் வசம்பையே வைக்கிறேன். ஏடுகளைக் காத்த பொருள் துணியைக் காவாதா?

இவ்வேலை முடிந்தவுடன் போகி வரும். பழையவற்றைக் கொளுத்தும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. இக்காலத் துணிகளுட் பெரும்பாலானவை செயற்கை இழை கலந்தவை. எரியும்போது உருகி நச்சுப் புகை கக்குவன. 2018ஆம் ஆண்டுப் போகியன்று காலை, புகையும் பனியும் கலந்து சூழ்ந்தமையால் மீனம்பாக்கத்தில் பல வானூர்திகள் இறங்க இயலாமற் போயின. புகையினும் எனக்கு அச்சம் தருவது, பாராமல் எரிக்கும் பழக்கம். உ. வே. சாமிநாத ஐயர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டன என்ற செய்தியைக் கேட்டு வருந்தினார். எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். இடத்தைத் துப்புரவு செய்தவர்களே. அவற்றை ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தால் போதும்.

என் மனைவியின் கூறைப் புடவை 2015 வெள்ளத்தில் நனைந்தது. சரிகை கறுத்துவிட்டது, சிவப்புச் சாயம் மஞ்சள் உடலில் இறங்கித் திட்டுத்திட்டாக நிற்கிறது. உடுத்தவும் ஆகாது, கொடுக்கவும் ஆகாது. பெயர்த்தியின் இரண்டு கேள்விகளுக்கும் அதனிடம் விடை இல்லை. ஆண்டுதோறும் அதுவும் கட்டிலின்மேல் வருகிறது. என் மனைவி அதனை விரித்துப் பார்ப்பாள்; மடிப்பை மாற்றுவாள்; மேல்தட்டில், நீர் எட்டாத இடத்தில், மீண்டும் வைப்பாள். பெயர்த்தி அவ்வேளையில் கேள்வி கேட்பதில்லை. அடுத்த சட்டையை எடுத்துப் பொத்தான்களை எண்ணத் தொடங்கிவிடுவாள்.