எங்கப்பா ஒரு கேடி!

எங்கப்பா ஒரு கேடி. உடனே போலீஸ் ஸ்டேஷன் போர்டுல போட்டோ தேடாதீங்க பாஸ்! கோல்ஃப் மைதானத்துல ஆடுறவங்களுக்குப் பையைத் தூக்கிட்டுக் கூடவே நடப்பாங்களே... அந்தக் கேடி. சென்னையில ஒரு கிளப்புல இருபத்திரண்டு வருஷமா இதுதான் அவர் வேலை. படிப்பு எட்டாங்கிளாஸ். நான் ஈ.சி.ஈ. ஃபைனல் இயர்.

'பை தூக்குறதுக்கு என்ன பெரிய மூளை வேணும்?'னு எங்க கிளாஸ்ல ஒரு மகானுபாவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன், கேளுங்க.

முதல்ல ஒரு ரூல். தனியா ஆடுற கோல்ஃப் போட்டியில, 'இந்த இடத்துல எந்த மட்டையால அடிக்கலாம்?'னு வேற யார்கிட்டயும் கேட்கக் கூடாது. கேட்டா தண்டனை. ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்கலாம்... கேடிகிட்ட! பையில அதிகபட்சம் 14 மட்டை. 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில முடிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, அதுக்குப் பேர் 'பார்'. குறைவா முடிச்சா லாபம், கூடினா நஷ்டம். பந்து தண்ணியில விழுந்தா ஒரு அடி அபராதம். இவ்வளவு தெரிஞ்சா போதும், இனிமே நீங்களும் எக்ஸ்பர்ட்!

அப்பா ஆட்டக்காரங்களைப் பத்தி ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட்தான் சொல்வார். "நல்லா அடிச்சா பந்து எங்க போகும்னுதாம்மா எல்லாரும் பாக்கறாங்க. தப்பா அடிச்சா எங்க போகும்னு ஒருத்தனும் பாக்கறதில்ல."

இது என்னன்னு எனக்குப் புரிய ஒரு குழியைப் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவுல, ஜார்ஜியா மாநிலத்துல இருக்கிற அகஸ்டா நேஷனல். 1934-லேர்ந்து மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற இடம். அதுல 12-வது குழி. பேரு 'கோல்டன் பெல்', ஒரு பூச்செடியோட பேரு. அங்க எல்லாக் குழிக்கும் செடி கொடிப் பேர்தான். தூரம் வெறும் 155 கெஜம். அதாவது நம்ம கிரிக்கெட் பிட்ச் ஏழை வரிசையா போட்டா எவ்வளவோ, அவ்வளவுதான். பார் 3. உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரங்களுக்கு இது ஜுஜுபின்னு நினைப்பீங்க. அங்கதாங்க வில்லங்கமே!

கொடி நட்டிருக்கிற புல்தரைக்கு 'கிரீன்'னு பேர். இந்தக் கிரீன் ரொம்ப ஒடுக்கம். முன்னாடி 'ரேஸ் க்ரீக்'ங்கிற ஓடை. ஓடையைத் தாண்டினா ஒரு மணல் குழி. பின்னாடி ரெண்டு மணல் குழி, அதுக்கும் பின்னாடி புதர். மரங்களுக்கு நடுவுல காத்து சுத்திச் சுத்தி அடிக்கும். பக்கத்துல 11-வது குழிக் கொடி ஒரு திசையில பறக்க, இந்தக் கொடி வேற திசையில பறக்கிறதெல்லாம் அங்க சகஜம்.

இப்ப எங்க டிபார்ட்மென்ட் மேட்டருக்கு வர்றேன். அந்தக் கிரீன் நேரா இல்ல, சாய்வா கிடக்கு. இடது பக்கம் கிட்ட, வலது பக்கம் தள்ளி. வலது கை ஆட்டக்காரர் தப்பா அடிச்சா பந்து எப்படிப் போகும்? வலது பக்கம் ஓடினா தூரமும் குறையும். இடது பக்கம் இழுத்தா தூரம் கூடும். வலது பக்கம்தான் அதிக தூரம் வேணும், அங்கதான் பந்து குறைவாப் போகுது. நேரா ஓடைக்குள்ள ஜலசமாதி! இடது பக்கம் கம்மி தூரம் போதும், அங்க பந்து தாண்டிப்போய்ப் புதர்ல. ஆக, ஆட்டக்காரரோட தப்பு ஒரு மூலைவிட்டத்துல சிதறுது, கிரீன் அதுக்கு எதிர் மூலைவிட்டத்துல கிடக்கு. இடது கை ஆட்டக்காரருக்கு இதே சிதறல் கிரீனோட சேர்ந்து படுத்துக்கும். நாலாவது செமஸ்டர்ல ப்ராபபிலிட்டின்னு ஒரு பேப்பர் எழுதினோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்த சாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசி நாள் ஞாயித்துக்கிழமை கொடியை எங்க நடுவாங்க? கரெக்ட், வலது பக்கம்! 'வா, வா'ன்னு கூப்பிடும். ஜாக் நிக்லஸ் ஆறு தடவை மாஸ்டர்ஸ் ஜெயிச்சவர். அவர் அந்தக் கொடி பக்கமே திரும்ப மாட்டார். நடுவுல இருக்கிற மணல் குழிக்கு மேலயே குறி வைப்பார்.

2019 கடைசி நாள். டைகர் உட்ஸைவிட ரெண்டு அடி முன்னிலையில பிரான்செஸ்கோ மோலினாரி. எட்டாம் நம்பர் மட்டையால அடிச்சார், ஓடை. கடைசி ரெண்டு குரூப்புல ஆடின ஆறு பேர்ல நாலு பேர் பந்து தண்ணியில. டைகர்? ஒன்பதாம் நம்பர் மட்டை, கொடிக்கு இடது பக்கம், மணல் குழிக்கு மேல, கிரீன்ல. அப்புறம் ரெண்டு தட்டு, பார். ரெண்டு அடி முன்னிலை அந்த ஒரே குழியில காலி. 43 வயசுல டைகர் தன்னோட 15-வது பெரிய பட்டத்தை ஜெயிச்சார், ஒரே ஒரு அடி வித்தியாசத்துல. ஹீரோயிசம் எதுவும் கிடையாது. யூடியூப்ல இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மோலினாரி அடிக்க நிக்கும்போதே, "போச்சு"ன்னார்!

இதே குழியில 2016-ல ஜோர்டன் ஸ்பீத் ரெண்டு பந்தை ஓடைக்கு தானம் பண்ணி ஏழு அடி அடிச்சார். 1980-ல டாம் வைஸ்காஃப் 13 அடி! ஏன், நம்ம டைகரே 2020-ல பத்து அடி அடிச்சார். ஆனா அதே நாள் கடைசி ஆறு குழியில அஞ்சுல லாபம் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

சரி, எப்பவுமே ஜாக்கிரதையா ஆடினா ஜெயிச்சிடலாமா? இங்கதான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை.

பார் 5 குழிகள் இருக்கு. நல்லா அடிக்கிறவங்க ரெண்டே அடியில கிரீனுக்குப் போயிடலாம், ஆனா நடுவுல தண்ணி. இல்லைன்னா ரெண்டாவது அடியைத் தண்ணிக்கு முன்னாடியே நிறுத்திட்டு, மூணாவதுல கொடிகிட்ட போடலாம். இதுக்குப் பேர் லே-அப். 2007-ல ஜாக் ஜான்சன்னு ஒருத்தர், நாலு நாள்ல ஆடின 16 பார் 5 குழியிலயும் லே-அப். ஒண்ணுலகூட ரிஸ்க் எடுக்கல. அந்தக் குழிகள்ல மட்டும் பாரைவிட 11 அடி குறைவு. பட்டமும் அவருக்கே! 1993-ல சிப் பெக்னு ஒருத்தர், லாங்கரைவிட மூணு அடி பின்தங்கி இருந்தப்ப 15-வது குழியில லே-அப் பண்ணினார். தோத்தார். 'பயந்தாங்கொள்ளி'ங்கிற மாதிரி இன்னிக்கு வரைக்கும் வறுத்தெடுக்கிறாங்க.

"ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதானே"ன்னு அப்பா பெக்குக்கு சப்போர்ட். எனக்கு அப்படித் தோணல. ஜான்சனுக்கு நல்லா வர்றதே அந்தக் கிட்டத்து அடிதான், அதுக்கு வசதியான தூரத்துல பந்தை நிறுத்தினார். பெக்குக்கோ மிச்சம் இருந்தது நாலு குழி, பின்தங்கி இருந்தது மூணு அடி. ஸ்கோர் போர்டை மறைச்சுட்டு எந்த அடியையும் நல்லது கெட்டதுன்னு சொல்ல முடியாதுங்கிறது என் கட்சி. உங்க கட்சி எது?

ஒரு பாயின்ட்ல மட்டும் அப்பா என்னை மடக்கிட்டார். 2010-ல பில் மிக்கல்சன் 13-வது குழியில ரெண்டு மரத்துக்கு நடுவுல, 207 கெஜத்துலேர்ந்து அடிச்சுக் கொடிகிட்ட நாலு அடி தூரத்துல நிறுத்தின ஷாட்டைக் காட்டினேன். நான் கை தட்டறேன், அவர் அசையல. "அந்த நாலடியை உள்ள போட்டானா?" இல்லப்பா, மிஸ் ஆகிடுச்சு, அடுத்ததுல போட்டார். "அப்ப மொத்தம் நாலு. லே-அப் பண்ணி, கிட்ட போட்டு, ஒரே தட்டுல முடிச்சிருந்தாலும் அதே நாலுதானேம்மா!"

அப்பாவோட வேலையில கணக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. ஒரு தடவை ஒரு மெம்பருக்கு ஏழாம் நம்பர் மட்டையை நீட்டியிருக்கார். அவர் எட்டைப் பிடுங்கி அடிச்சார், பந்து குளத்துல. திட்டு யாருக்கு? கேடிக்கு! அன்னிக்கு டிப்ஸும் கட். அதனாலதான் கார்ல் ஜாக்சன் கதையைச் சொன்னப்போ அப்பா போனை வாங்கி அந்த முகத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். 1982 வரைக்கும் மாஸ்டர்ஸ் ஆட வர்றவங்க அந்த கிளப்போட கேடிகளைத்தான் வெச்சுக்கணும், அவங்க எல்லாருமே கறுப்பினத்தவர். ஜாக்சன் அவங்கள்ல ஒருத்தர். 1984, 1995-ன்னு பென் கிரென்ஷா ஜெயிச்ச ரெண்டு தடவையும் பை இவர் தோள்ல. 1995-ல 'பந்தைக் கொஞ்சம் பின்னாடி வெச்சு அடி'ன்னு திருத்தினதும் இவர்தான்.

இதையெல்லாம் இப்ப ஏன் எழுதறேன்னா, எங்க காலேஜ்ல பிளேஸ்மென்ட் நடக்குது. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபர் வந்திருக்கு. அடுத்த மாசம் சிப் டிசைன் கம்பெனி ஒண்ணு வருது. எனக்கு அதுதான் உயிர். ஆனா ஒரு ஆஃபரை ஒத்துக்கிட்டா அடுத்த க்யூல நிக்க முடியாது, அது காலேஜ் ரூல். போன வருஷம் அந்த கம்பெனி எடுத்தது ரெண்டே பேர். என் ஸ்கோர் போர்டு இது: எஜுகேஷன் லோன் நிக்குது, தம்பி பிளஸ் ஒன், அப்பாவோட வலது முட்டி இன்னும் எத்தனை வருஷம் அந்தப் பையைத் தாங்கும்னு தெரியல. எனக்கு நல்லா வர்றது ராத்திரி உக்கார்ந்து படிக்கிறது. வேலைக்குப் போயிக்கிட்டே கேட் எழுதலாம். கணக்குப் போட்டுப் பார்த்து, நேத்து ஆஃபர்ல கையெழுத்துப் போட்டுட்டேன்.

அப்பாகிட்ட சொன்னேன். 'நல்லது'ன்னும் சொல்லல, 'ஏம்மா அவசரப்பட்டே?'ன்னும் கேட்கல. முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே ஒண்ணு மட்டும் விசாரிச்சார்.

"பாண்டு எத்தனை வருஷம்?"