மலைமேல் பழி

மேட்டுப்பாளையத்திலிருந்து பாரம் ஏற்றி வரும் அப்பாவின் பெட்ரோல் வேன் குன்னூர் மலைப்பாதையில் திணறியது. தவணை வேறு நெருங்கியது.

"உதகை 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் முக்கால் பங்குதானப்பா" என்று என் இயற்பியலை அவிழ்த்துவிட்டேன்.

"போன வருசமும் இதே மலைதானேடா?"

பதிலில்லை. (பேராசிரியர்கள் மன்னிக்க!)

பழுதான ஆக்சிஜன் சென்சாரை மெக்கானிக் மாற்றியும் குறை தீரவில்லை. பழைய சென்சாரின் பொய்யை நம்பிக் குறைத்த பெட்ரோல் அளவு என்ஜின் கணினியின் நினைவில் தங்கியிருந்ததாம். தானே திருந்த நாளாகுமாம். பேட்டரியின் நெகட்டிவ் வயரை அரைமணி நேரம் கழற்றி வைத்தார். நினைவு அழிந்தது. மாட்டியதும் என்ஜின் சற்றே உதறியது. புதிதாகக் கற்கிறது என்றார்.

மறுநாள் பர்லியாறு தாண்டியும் வேன் முதல் கியருக்கு இறங்கவில்லை.

"காத்து அதே காத்துதான்" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடியே.