முகவரி

நுழையும்முன்

தொலைவில் உள்ள ஊர்களைக் காண மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இடங்களையோ, 'எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவைக்கிறோம். அவ்வாறு ஒதுக்கிவைத்த இரண்டு இடங்களுக்குப் பேரக்குழந்தைகளுடன் சென்றுவந்த ஒரு முதியவரின் அனுபவமே இக்கட்டுரை.

விடை தெரியாத வினா

அவர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். மதுரையின் மேற்கே நாகமலையை ஒட்டிய ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மிதிவண்டியில் கடிதம் கொண்டுசேர்த்தவர். முகவரி பாதி அழிந்துபோன கடிதத்தையும் உரியவர் கையில் சேர்த்துவிடுவார் என்று ஊரார் சொல்வர். அந்தச் சொல்லில் அவருக்குப் பெருமை உண்டு.

மகன் குடும்பத்துடன் பெங்களூரில் வாழ்கிறார். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. பேரன் நான்காம் வகுப்பு. பேரனுக்குத் தமிழ் பேச வரும்; எழுதப் படிக்க வராது. தசரா விடுமுறைக்கு இருவரும் மதுரைக்கு வந்திருந்தனர். எல்லாரும் உதகைக்குச் செல்வதாக இருந்தது. மகனுக்கு விடுப்புக் கிடைக்காததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. பேரன் முகம் வாடிப் போனான். பேத்தி கைப்பேசிக்குள் மூழ்கினாள்.

"மலைதானே பார்க்க வேண்டும்? நம் ஊரில் மலை இல்லையா?" என்றார் அப்பத்தா.

பேரன் மொட்டைமாடிக்கு ஓடினான். மேற்கே தெரிந்த பாறைக் குன்றைக் காட்டி, "தாத்தா, அந்த மலைமேல் என்ன இருக்கிறது?" என்று கேட்டான்.

அது கீழக்குயில்குடியின் சமணர்மலை. அதன் அடிவாரத்து ஊருக்கு அவர் எத்தனையோ ஆண்டுகள் கடிதம் கொண்டுசென்றிருக்கிறார். ஒருமுறைகூட மலையேறியதில்லை. "போய்ப் பார்ப்போம், ஐயா" என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது.

பானையில் ஒரு பெயர்

மலையேறுவதற்கு முன், ஏறாமலே காணக்கூடிய ஓரிடத்திற்கு முதலில் செல்லலாம் என்று முடிவாயிற்று. மறுநாள் காலை புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு நால்வரும் பேருந்தேறினர். இராமேசுவரம் செல்லும் சாலையில் சிலைமானைக் கடந்தால் கீழடி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவுதான். அங்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண்ணுக்குள் உறங்கிய ஒரு பழைய வாழ்விடத்தை 2014ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. கிடைத்த பொருள்களைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

வட்டமாகத் தேய்க்கப்பட்ட பானையோட்டுச் சில்லுகள் இருந்த இடத்தில் அப்பத்தா நின்றுவிட்டார். "இதை வைத்துத்தானே நாங்கள் பாண்டி ஆடினோம்!" என்றார். கட்டம் போடுவது எப்படி, நொண்டி அடிப்பது எப்படி என்று பேத்தி கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனார். அப்பத்தாவும் ஒருகாலத்தில் தன் வயதில் இருந்தவர் என்பது பேத்திக்கு அன்றுதான் உறைத்தது. கைப்பேசி பையிலேயே கிடந்தது.

எழுத்துப் பொறித்த பானையோடுகளின் முன் பேரன் நின்றான். "இது என்ன மொழி, தாத்தா?"

"தமிழ்தான்."

"எனக்குப் படிக்கத் தெரியவில்லையே!"

"எனக்கும்தான் தெரியவில்லை."

தாத்தாவுக்கும் படிக்கத் தெரியாத தமிழ் உண்டா என்று பேரன் வியந்தான். அக்காள்தான் விளக்கப் பலகையைப் பார்த்துச் சொன்னாள்: கீழடிப் பானையோடுகளில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

நண்பகலில் வெளியே நிழல் தேடி அமர்ந்து உண்டனர். தயிர்ச்சோறு இருந்த எவர்சில்வர் தூக்கின் விளிம்பில் அப்பத்தாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. பேரன் அதை விரலால் தடவிப் பார்த்தான். "அப்பத்தா, நீங்களும் ஆதன் மாதிரியே பெயர் போட்டிருக்கிறீர்கள்!" என்றான்.

பாறையில் ஒரு தாய்

இரண்டு நாள் ஓய்வுக்குப்பின் சமணர்மலைக்குச் சென்றனர். அடிவாரத்தில் அய்யனார் கோவிலும் தாமரைக்குளமும் ஆலமரமும் உள்ளன. மூட்டுவலியால் அப்பத்தா மரநிழலிலேயே அமர்ந்துகொண்டார். தாத்தா பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறினார்.

பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில், சுனையருகே பாறையில் எட்டுத் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. தலைக்குமேல் நாகம் படம் விரித்தவர் பார்சுவநாதர். உடலில் கொடிகள் சுற்றிப் படர அசையாது நிற்பவர் பாகுபலி. "பாகுபலியா? திரைப்படத்தில் வருபவரா?" என்று பேரன் கேட்க, அக்காள் சிரித்தாள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கேயே நிற்கிறார் என்று தாத்தா விளக்கினார்.

சிற்பங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருந்தன. அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம் எனப் பல இடங்களில் சமணத் திருமேனிகளோடு தொடர்புடைய பெயர் அச்சணந்தி. அந்தத் துறவியின் தாய் குணமதியார் இங்கே ஒரு திருமேனியைச் செய்வித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. பேத்தி முன்னரே படித்துக் குறித்துவைத்திருந்த இச்செய்தியைக் கேட்டுத் தாத்தா நெடுநேரம் அங்கேயே நின்றார். வீட்டைத் துறந்து சென்ற மகனின் பெயரும் தாயின் பெயரும் ஒரே பாறையில் சேர்ந்திருந்தன.

அதே வேளையில் பேரன் ஒரு கூர்ங்கல்லை எடுத்துப் பாறையில் கீறத் தொடங்கினான். அருகில் வேறு யார் யாரோ கிறுக்கிச் சென்ற பெயர்கள் இருந்தன.

"கையை எடு!" என்று தாத்தா அதட்டினார்.

இத்தனை உரத்த குரலைப் பேரன் அவரிடம் கேட்டதே இல்லை. கல் கைதவறி விழுந்தது. இறங்கும்வரை அவன் பேசவில்லை. பாறையைக் காத்துவிட்டோம், பிள்ளையின் மனத்தைக் கீறிவிட்டோமே என்று தாத்தா தவித்தார். விடுமுறையில் எஞ்சியிருந்தவை நான்கு நாள்களே.

ஆலமரத்தடியில் அப்பத்தா நடந்ததைக் கேட்டறிந்தார். தூக்கை எடுத்துப் பேரன் மடியில் வைத்தார். "பாறை எல்லாருக்கும் சொந்தம், ராசா. பெயரை நம் பொருளில்தான் எழுத வேண்டும். இதில் உன் பெயருக்கான எழுத்து இரண்டு இருக்கிறது. மிச்சத்தைத் தாத்தாவிடம் கேள்."

பேரன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா மண்ணில் அமர்ந்தார். ஒரு குச்சியால் எழுதிக் காட்டினார். அன்று மாலைக்குள் ஆலமரத்தடி மண்ணெங்கும் அவன் பெயர் நிறைந்தது.

அண்மையின் அருமை

அண்மைப் பயணத்திற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம். முதியவர் வேளை தவறாமல் மருந்து உண்ணலாம். களைத்தால் மரநிழலில் அமரலாம். விட்டதை மறுமுறை வந்து காணலாம். இவற்றினும் மேலான பயன் ஒன்றுண்டு. தொலைதூர ஊரில் முதியவரும் குழந்தைகளும் வெறும் பார்வையாளர்களே. சொந்த மண்ணிலோ முதியவரின் நினைவு குழந்தைகளுக்கு வழிகாட்டுகிறது. குழந்தைகளின் வினா, முதியவர் காணத் தவறியதைக் காட்டுகிறது. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பிற்காகக் குடும்பங்கள் பிரிந்து வாழும் இக்காலத்தில், வேர் எங்கே என்று சொல்லால் மட்டும் உணர்த்த இயலாது. அழைத்துச் சென்று காட்டவே வேண்டும்.

மூன்று வாரங்களுக்குப்பின் அஞ்சலட்டை ஒன்று வந்தது. கோணல்மாணலான தமிழ் எழுத்துகள். முகவரியில் மதுரை 'மதுறை' ஆகியிருந்தது. புதிதாக வந்திருந்த இளம் அஞ்சல்காரர், "பிழையாக இருந்தாலும் உங்களுக்குத்தான் என்று தெரிந்தது, ஐயா" என்று சொல்லிக் கொடுத்துச் சென்றார்.

தாத்தா மூக்குக்கண்ணாடியை அணிந்து உரக்கப் படித்தார். அப்பத்தா அருகில் வந்து நின்றார். அட்டையில் இருந்தது ஒரே வரி:

"அடுத்த முறை அழகர்மலை போவோம்."